ஃபேன் சத்தம் போச்சு, பக்கத்து சீட் பேச்சு போகல: நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வாங்கினால் உண்மையில் என்ன கிடைக்கும்?

ஹெட்போனைத் தலையில் மாட்டியாச்சு. பாட்டு எதுவும் போடவில்லை. இயர்கப்பில் இருக்கும் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் போதும், தலைக்கு மேல் ஓடும் சீலிங் ஃபேன் சத்தம் காணாமல் போகிறது. ஏசியின் உறுமலும் போகிறது. ஃபேன் நின்றுவிட்டதா என்று நிமிர்ந்து பார்க்காதவர்கள் குறைவு.

நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போனுக்கு இந்த முதல் நிமிடத்தைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. கடையில் ஒரு தடவை மாட்டிப் பார்த்தவர் இஎம்ஐ போட்டாவது வாங்கிவிடுவது இதனால்தான்.

அடுத்த நாள் அலுவலகம். அதே ஹெட்போன், அதே பட்டன். ஆனால், பக்கத்து சீட்காரர் போனில் வீட்டு லோன் பற்றிப் பேசுவது வார்த்தை பிசகாமல் காதில் விழுகிறது. 'இவ்வளவு காசு கொடுத்தும் கேக்குதே, பீஸ் ஃபால்ட்டா?' என்ற சந்தேகம் வருகிறது. சிலர் அன்றைக்கே ரிட்டர்ன் போட்டுவிடுகிறார்கள்.

பெரும்பாலும் பீஸில் தவறு இருக்காது. இந்தத் தொழில்நுட்பம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது வாங்கும்போது யாரும் சொல்லாத விஷயம். சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி அரை லட்சத்தைத் தாண்டியும் விற்கும் பொருள் இது. காசு ஒரு பக்கம் இருக்க, காதின் ஆரோக்கியமும் சாலையில் உயிரின் பாதுகாப்பும்கூட இதில் அடங்கியிருக்கின்றன. வாங்கிப் பயன்படுத்துபவர்கள் பொதுவாகச் சந்திக்கும் அனுபவங்களையும் அவற்றுக்கான காரணங்களையும் பார்ப்போம்.

சத்தத்தைச் சத்தத்தால் அழிப்பது எப்படி?

ஒலி என்பது காற்றில் பரவும் அழுத்த அலை. அலை என்றால் ஒரு மேடு, ஒரு பள்ளம், மறுபடி ஒரு மேடு. ஒரு அலையின் மேடும், அதே அளவுள்ள இன்னொரு அலையின் பள்ளமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சந்தித்தால் இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். அங்கே அலையே இருக்காது.

ஏஎன்சி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன் செய்வது இதைத்தான். இயர்கப்பின் வெளிப்புறம் இருக்கும் மைக், சுற்றியுள்ள சத்தத்தைப் பிடிக்கிறது. உள்ளே இருக்கும் சிப், அந்த அலையின் நேர் எதிர் அலையைக் கணக்கிடுகிறது. ஸ்பீக்கர் அந்த எதிர் அலையைக் காதுக்குள் ஒலிக்கிறது. வெளியே இருந்து வந்த சத்தமும் ஸ்பீக்கரின் எதிர் அலையும் மோதி அடங்கிவிடுகின்றன.

இயர்கப்பின் உள்ளேயும் ஒரு மைக் இருந்தால், எவ்வளவு சத்தம் மிச்சமிருக்கிறது என்று பார்த்து அதையும் திருத்த முடியும். உள்ளே, வெளியே என்று இரு பக்கமும் மைக் உள்ள அமைப்புக்கு 'ஹைப்ரிட் ஏஎன்சி' என்று பெயர். விலை கூடிய மாடல்களில் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

இதோடு இன்னொரு விஷயமும் சேர்ந்து வேலை செய்கிறது. காதைச் சுற்றி மெத்தென்று மூடும் இயர்பேடுதான் அது. பேட்டரியோ சிப்போ இல்லாமல், விரலால் காதைப் பொத்துவதுபோல் சத்தத்தைத் தடுக்கிறது. கிடைக்கும் அமைதியில் இந்த மெத்தைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஃபேன் போகுது, பேச்சு ஏன் போகல?

காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 343 மீட்டர். 100 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த உறுமல் ஒலியின் ஒரு அலை கிட்டத்தட்ட 3.4 மீட்டர் நீளம் இருக்கும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது 34 சென்டிமீட்டர். 10,000 ஹெர்ட்ஸ் என்றால் வெறும் 3.4 சென்டிமீட்டர். ஒரு இயர்கப்பைவிடச் சிறியது.

நீளமான, மெதுவான அலைக்கு எதிர் அலை தயாரிப்பது சுலபம். 100 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்று முடிய 10 மில்லிசெகண்ட் ஆகும். கணக்கில் துளி தாமதமானாலும் மேடும் பள்ளமும் ஏறக்குறைய பொருந்திவிடும். 5,000 ஹெர்ட்ஸ் அலைக்கோ ஒரு சுற்றுக்கு 0.2 மில்லிசெகண்ட்தான். இங்கே சின்னத் தாமதம் வந்தாலும் மேட்டின் மேல் மேடு விழுந்து சத்தம் குறைவதற்குப் பதில் கூடிவிடும். அதனால் பொதுவாக 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலிகளில்தான் ஏஎன்சி நன்றாக வேலை செய்கிறது. அதற்கு மேல் உள்ளதை இயர்பேட்தான் தடுத்தாக வேண்டும்.

மனிதர்கள் பேசும்போது வார்த்தைகளைப் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்து ஒலிகள், குறிப்பாக 'ச', 'ஸ', 'ட' போன்றவை, பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்ணில்தான் இருக்கின்றன. போதாததற்கு, ஃபேன் இரைச்சல் அடங்கியதும் அதன் அடியில் மறைந்திருந்த பேச்சு இன்னும் தெளிவாகத் துருத்திக்கொண்டு நிற்கும். 'ஏஎன்சி போட்டால் பேச்சு முன்னைவிட நல்லா கேக்குது' என்று சிலர் புலம்புவது வெறும் பிரமை அல்ல.

நம் வீட்டு, ரோட்டுச் சத்தங்களில் எது எப்படி என்று பார்த்தால்:

- நன்றாகக் குறைபவை: சீலிங் ஃபேன், ஏசி, ஃபிரிட்ஜ் உறுமல், பஸ் இன்ஜின், ரயில் பெட்டிக்குள் கேட்கும் ஓட்டச் சத்தம், விமான இரைச்சல், தண்ணீர் மோட்டார், கிரைண்டரின் கடகட.
- ஓரளவு குறைபவை: கூட்டத்தின் இரைச்சல், தூரத்தில் ஓடும் டிவி, சாலைப் போக்குவரத்தின் மொத்தச் சத்தம்.
- அதிகம் குறையாதவை: குக்கர் விசில், மிக்ஸியின் கிறீச், பைக் ஹாரன், குழந்தையின் அழுகை, பாத்திரம் விழும் ஓசை, பக்கத்து சீட் பேச்சு.

மூன்றாவது பட்டியலில் உள்ளவை இயர்பேட் தடுக்கும் அளவுக்கு மங்கும். பாட்டை மெதுவாக ஓடவிட்டால் பெரும்பாலும் மறைந்துவிடும். 'முழு மௌனம்' எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம் உறுதி. 'இரைச்சல் இல்லாமல் மெதுவாகப் பாட்டுக் கேட்கணும்' என்று வாங்கினால் திருப்தி.

விமானத்தில் தொடங்கிய கணக்கு

எதிர் அலையால் சத்தத்தை அடக்கும் யோசனை புதியதல்ல. ஜெர்மனியைச் சேர்ந்த பவுல் லூயக் என்பவருக்கு 1936-லேயே இதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஆனால், அதை வேகமாகச் செய்து முடிக்கும் எலக்ட்ரானிக்ஸ் அப்போது இல்லை.

ஹெட்போனுக்குள் அது வந்த கதையில் ஒரு இந்தியத் தொடர்பு உண்டு. கல்கத்தாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்று குடியேறிய சுதந்திரப் போராட்ட வீரர் நோனி கோபால் போஸ். அவருடைய மகன் அமர் போஸ், எம்ஐடி பேராசிரியர். 1964-ல் போஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1978-ல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் வந்தபோது, விமான நிறுவனம் கொடுத்த ஹெட்போனில் பாட்டுக் கேட்டார். இன்ஜின் இரைச்சலில் ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. இந்த இரைச்சலைக் கழித்துவிட முடியுமா என்று விமானத்திலேயே பேப்பரை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்.

கணக்கு பொருளாக மாற 11 ஆண்டுகள் ஆயின. 1986-ல் வழியில் எங்கும் இறங்காமல், எரிபொருளும் நிரப்பாமல் உலகைச் சுற்றிவந்த 'வாயேஜர்' விமானத்தின் விமானிகள் இருவரும் போஸின் மாதிரி ஹெட்செட்டைப் பயன்படுத்தினார்கள். 1989-ல் விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்தது. 2000-ல் சாதாரணப் பயணிகளும் வாங்கும் 'குவைட் கம்ஃபர்ட்' வந்தது. 2016-ல் சோனி 1000எக்ஸ் வரிசையைத் தொடங்கியது. 2020 இறுதியில் ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ், இந்தியாவில் ரூ.59,900 விலையில் அறிமுகமானது.

விமான இரைச்சலை அடக்கப் பிறந்த கருவி என்பதால்தான் இன்றும் விமானம், ரயில், ஏசி பஸ் ஆகியவற்றில் இது அசத்துகிறது. கூடத்தில் டிவி, சமையலறையில் விசில், அறையில் ஆபீஸ் கால் என்று இருக்கும் இரண்டு பெட்ரூம் வீட்டில் கொஞ்சம் திணறுகிறது.

முதல் வாரம்: காதுக்குள் அந்த அழுத்தம்

புதிதாக வாங்கியவர்களில் சிலருக்கு ஏஎன்சியைப் போட்டதும் காது அடைத்த மாதிரி இருக்கும். லிஃப்டில் வேகமாக மேலே போகும்போது வருமே, அந்த மாதிரி. சிலருக்கு லேசான தலைச்சுற்றல், தலைவலிகூட வருவதுண்டு.

உண்மையில் காதுக்குள் காற்றழுத்தம் மாறுவதில்லை. தாழ்ந்த ஒலிகள் திடீரென்று காணாமல் போவதை மூளை 'அழுத்தம் மாறிவிட்டது' என்று புரிந்துகொள்கிறது என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். பலருக்குச் சில நாளில் பழகிவிடுகிறது. சிலருக்குப் பழகுவதே இல்லை. அவர்களுக்கு ஏஎன்சியின் அளவைக் குறைத்துவைக்கும் வசதியுள்ள மாடல்தான் சரிப்படும். வாங்கும் முன் பத்து நிமிடமாவது மாட்டிப் பார்ப்பது நல்லது என்பது இதனால்தான்.

அடுத்த சிக்கல் கண்ணாடி போடுபவர்களுக்கு. கண்ணாடியின் கம்பி இயர்பேடுக்கும் தலைக்கும் இடையில் ஒரு சந்து உண்டாக்கும். அந்தச் சந்து வழியே முதலில் நுழைவது தாழ்ந்த ஒலிகள்தான். ஏஎன்சி அடக்க வேண்டிய அதே ஒலிகள். பாட்டின் பேஸும் அதே சந்து வழியாகக் கசியும். தடித்த ஃபிரேம் போட்டிருப்பவருக்கும் கண்ணாடியே போடாதவருக்கும் ஒரே ஹெட்போன் வேறு வேறு மாதிரி கேட்பதற்கு இதுவே காரணம். மெல்லிய கம்பி உள்ள ஃபிரேம் என்றால் பாதிப்பு குறைவு.

கம்மல், ஜிமிக்கி போடுபவர்களுக்கு வேறு கஷ்டம். அரை மணி நேரத்தில் திருகாணி காதுக்குப் பின்னால் குத்த ஆரம்பித்துவிடும். காதை அழுத்தாமல் முழுதாக உள்ளே விடும் அளவுக்கு இயர்கப் ஆழமாக இருக்கிறதா என்பதை விளம்பரப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நம்ம ஊர் வெயில் வைக்கும் டெஸ்ட்

நீங்கள் பார்க்கும் ரிவ்யூ வீடியோ குளிர்நாட்டில் எடுக்கப்பட்டதா? அப்படியென்றால் அதில் ஒரு விஷயம் வராது: வியர்வை. மே மாதம் சென்னையில் ஏசி இல்லாத அறையில் ஓவர்-இயர் ஹெட்போனை அரை மணி நேரம் மாட்டினால் காதைச் சுற்றி ஈரம் படிந்துவிடும். காற்றே புகாமல் மூடுவதுதான் இதன் பலம். பலவீனமும் அதுவேதான்.

பெரும்பாலான மாடல்களில் இயர்பேட் செயற்கைத் தோலால் ஆனது. வியர்வையின் உப்பும் தலை எண்ணெயும் தினமும் பட்டால் நாளடைவில் அது விறைத்து, வெடித்து, கருப்புச் செதில்களாக உரியத் தொடங்கும். உரிந்த பேட் சரியாக மூடாது. மூடவில்லை என்றால் ஏஎன்சியும் பலவீனமாகும். 'வாங்கினப்போ இருந்த எஃபெக்ட் இப்போ இல்லை' என்ற புகாரில் சிப்பைவிட இந்த மெத்தைக்குத்தான் பல நேரம் பங்கு அதிகம்.

உலோக இயர்கப் உள்ள மாடல்களில் நீண்ட நேரம் பயன்படுத்திய பிறகு உள்ளே நீர்த்துளி படிவதாகவும் பயன்படுத்துபவர்கள் சொல்வதுண்டு. உடற்பயிற்சிக்கு ஓவர்-இயர் ஹெட்போன் சரிப்படாது என்பதற்கு இந்த ஈரமும் ஒரு காரணம். ஜிம்முக்கும் ஓட்டத்துக்கும் வியர்வை தாங்கும் சிறிய இயர்பட்ஸே பொருத்தம்.

எடையும் இங்கே கவனிக்க வேண்டியது. சோனியின் எக்ஸ்எம்5 சுமார் 250 கிராம். ஏர்பாட்ஸ் மேக்ஸ் சுமார் 385 கிராம். கையில் எடுத்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. மூன்று மணி நேர மீட்டிங் முடிந்ததும் கழுத்து சொல்லிவிடும்.

பயன்படுத்தி முடித்ததும் ஈரமில்லாத மெல்லிய துணியால் பேடைத் துடைப்பது, ஈரத்தோடு கேஸுக்குள் போட்டு மூடாமல் சற்று நேரம் காற்றாட வைப்பது, தலைக்கு எண்ணெய் வைத்த நாளில் மாட்டாமல் இருப்பது ஆகிய மூன்றும் பேடின் ஆயுளைக் கூட்டும்.

கால் பேசும்போது மட்டும் ஏன் பழைய ரேடியோ மாதிரி ஆகுது?

பாட்டுக் கேட்கும்போது அபாரமாக இருக்கும் ஹெட்போன், லேப்டாப்பில் மீட்டிங் தொடங்கியதும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் பொதுவான அதிருப்தி இது.

காரணம் ப்ளூடூத். பாட்டு மட்டும் கேட்கும்போது மொத்தக் கொள்ளளவும் ஒரே திசையில், உயர்தர ஒலிக்குப் பயன்படுகிறது. மைக்கை ஆன் செய்ததும் ப்ளூடூத் இருவழி 'ஹெட்செட்' முறைக்கு மாறுகிறது. அந்த முறையில் ஒலியின் தரம் குறைந்து, ஸ்டீரியோவும் போய்விடும். எல்இ ஆடியோ என்ற புதிய ப்ளூடூத் முறை இதைச் சரிசெய்ய வந்ததுதான். ஆனால், ஹெட்போன், லேப்டாப் இரண்டிலும் அது இருந்தால்தான் பலன்.

லேப்டாப்பில் ஒரு குறுக்கு வழி உண்டு. மீட்டிங் செட்டிங்கில் கேட்பதற்கு ஹெட்போனையும், பேசுவதற்கு லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்வு செய்தால், ஹெட்போனில் ஒலி பழைய தரத்திலேயே இருக்கும். அமைதியான அறையில் இருந்தால் இது போதும்.

ஏஎன்சி வேறு, இஎன்சி வேறு

பட்ஜெட் விலையில் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. பெட்டியின் மேல் பெரிதாக 'இஎன்சி' என்று போட்டிருக்கும். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேலை முற்றிலும் வேறு.

ஏஎன்சி, அணிந்திருப்பவர் காதுக்கு அமைதி தருவது. இஎன்சி, போனின் மறுமுனையில் இருப்பவருக்கு உதவுவது. அணிந்திருப்பவரின் மைக்கில் நுழையும் பின்னணி இரைச்சலை அது வடிகட்டும். இஎன்சி மட்டும் உள்ள ஹெட்போனை மாட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் ஃபேன் சத்தம் போகாது. இரண்டும் இருக்கும் மாடல்களும் உண்டு. எது இருக்கிறது என்று படித்துவிட்டு ஆர்டர் போட வேண்டும்.

'50 டெசிபல் வரை' போன்ற எண்களையும் சற்று நிதானமாகவே பார்க்க வேண்டும். 'வரை' என்ற சொல்லில்தான் சூட்சுமம். குறிப்பிட்ட சில அதிர்வெண்களில் கிடைத்த உச்ச அளவு அது. எல்லாச் சத்தமும் அவ்வளவு குறையும் என்று அர்த்தமில்லை. பொதுவான ஒரு கணக்கு: 10 டெசிபல் குறைந்தால் சத்தம் பாதியானதுபோல் காதுக்குத் தோன்றும்.

ஒரு வருஷம் கழித்து என்ன ஆகும்?

பேட்டரி பற்றித்தான் வாங்கும்போது எல்லோரும் விசாரிப்பார்கள். ஏஎன்சி போட்டபடி 30 மணி நேரம் என்பது இன்று முன்னணி மாடல்களில் சாதாரணம். தினமும் நான்கு மணி நேரம் பயன்படுத்தினாலும் வாரம் ஒரு சார்ஜ் போதும். லித்தியம் பேட்டரி என்பதால் ஆண்டுகள் போகப்போக இது குறையும். ஆனால், பேட்டரி தீரும் முன்பே பலர் ஹெட்போனை மாற்றுவதற்குக் காரணம் வேறு: உடைவது.

அதிகம் உடையும் இடம், இயர்கப்பும் ஹெட்பேண்டும் சேரும் மூட்டு. பேக்பேக்கில் லேப்டாப்போடு திணிப்பது, தலையிலிருந்து ஒரு கையால் இழுத்துக் கழற்றுவது, கழுத்தில் மாட்டியபடியே படுப்பது என எல்லா அழுத்தமும் அங்கேதான் விழும். மடியும் வசதி உள்ளதா என்பதும் இதோடு சேர்ந்தது. சோனியின் எக்ஸ்எம்4 கையடக்கமாக மடியும். 2022-ல் வந்த எக்ஸ்எம்5 அப்படி மடியாது. மடியவில்லையே என்ற அதிருப்தி பயனர்களிடம் இருந்தது. 2025-ல் வந்த எக்ஸ்எம்6-ல் மடியும் வசதி திரும்ப வந்தது. பைக்குள் இடம் பிடிப்பது சின்ன விஷயமாகத் தோன்றும். தினமும் பஸ்ஸில் போகிறவருக்கு அது சின்ன விஷயமில்லை.

உடைந்தால் என்ன செய்வது? இந்தியாவில் பெரும்பாலான மாடல்களுக்கு ஒரு வருட வாரன்ட்டி. கீழே போட்டு உடைத்தால் வாரன்ட்டி உதவாது. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவந்த பீஸுக்கு இங்கே வாரன்ட்டி செல்லுமா என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பில்லைப் பத்திரமாக வைத்திருப்பதும், மாற்று இயர்பேட் தனியாகக் கிடைக்கிறதா என்று முன்கூட்டியே பார்ப்பதும் பின்னால் உதவும்.

காதுக்கு நல்லதா, கெட்டதா?

'இதைப் போட்டா காது போயிடும்' என்று வீட்டில் திட்டு வாங்காதவர்கள் இருக்க மாட்டார்கள். காதைக் கெடுப்பது ஹெட்போனைவிட அதில் வைக்கும் வால்யூமும், எவ்வளவு நேரம் கேட்கிறோம் என்பதும்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பு வரம்பின்படி, பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம். 10 டெசிபல் கூடினால் நேரம் பத்தில் ஒன்றாகக் குறைகிறது. 12 முதல் 35 வயது வரையிலான 100 கோடிக்கும் அதிகமானோர் பாதுகாப்பற்ற முறையில் கேட்பதால் செவித்திறன் இழக்கும் ஆபத்தில் இருப்பதாக அதே நிறுவனம் 2022-ல் எச்சரித்தது.

சாதாரண இயர்போனோடு பஸ்ஸில் போகிறவர், இன்ஜின் சத்தத்தைத் தாண்டிப் பாட்டுக் கேட்பதற்காக வால்யூமை ஏற்றிக்கொண்டே போகிறார். வெளியே 80 டெசிபல் இரைச்சல் இருந்தால் பாட்டு அதையும் தாண்டியாக வேண்டும். ஏஎன்சி இருந்தால் அந்த இரைச்சலே அடங்கிவிடுகிறது. பாதி வால்யூமில் பாட்டு தெளிவாகக் கேட்கிறது. ஏஎன்சி ஹெட்போனால் காதுக்குக் கிடைக்கும் உண்மையான நன்மை இதுதான். ஆனால், பழைய பழக்கத்தில் அதே 90 சதவீத வால்யூம் வைத்தால் நன்மை எல்லாம் பூஜ்யம்.

நம் நகரங்களின் நிலை இதில் முக்கியம். ஒலி மாசு விதிகள் 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல்தான் வரம்பு. பிரதான சாலையை ஒட்டிய வீட்டில் இருப்பவர்களிடம் இந்த எண்ணைச் சொன்னால் சிரிப்பார்கள். ஊர் தர வேண்டிய அமைதியை, வசதி உள்ளவர்கள் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள் என்பதுதான் இந்தப் பொருளின் விற்பனைக்குப் பின்னால் இருக்கும் நிஜம். பட்டறையில் உலோகம் அடிப்பவருக்கோ ஜல்லி மெஷின் பக்கத்தில் நிற்பவருக்கோ இந்த ஹெட்போன் பாதுகாப்புக் கவசமும் அல்ல. அதற்கென்று தரச் சான்று பெற்ற காதுக் கவசங்கள் தனியாக உள்ளன.

காதில் 'கொய்ங்' என்று ஏற்கெனவே இரைச்சல் கேட்கும் தொந்தரவு உள்ளவர்களுக்கு, வெளிச்சத்தம் அடங்கியதும் அது இன்னும் பெரிதாகத் தெரியலாம். அப்படித் தெரிந்தால் வால்யூமைக் கூட்டி மறைப்பது தீர்வல்ல. காது மருத்துவரைப் பார்ப்பதே சரி.

ரோட்டிலும் தண்டவாளத்திலும்: இங்கேதான் ஆபத்து

ஏஎன்சி எதை நன்றாக அடக்கும் என்ற பட்டியலை மறுபடி பார்த்தால் ஒரு விஷயம் உறைக்கும். பஸ் இன்ஜின், லாரியின் உறுமல், ரயில் வரும் தாழ்ந்த அதிர்வு. பின்னால் ஏதோ பெரிய வண்டி வருகிறது என்று நம்மைத் திரும்பிப் பார்க்கவைப்பது இந்த ஒலிகள்தான். நம்மை அறியாமலேயே உடம்பு கேட்டுக்கொண்டிருக்கும் எச்சரிக்கைகள் இவை. ஹெட்போன் முதலில் அழிப்பது இவற்றையே.

ஹாரன் ஓரளவு கேட்கும்தான். ஆனால், ஹாரன் அடிக்கும் தூரத்தில் வண்டி வந்த பிறகு திரும்பிப் பார்ப்பதில் பலன் இல்லாமல் போகலாம். மின்சார ரயில் வேறு, டீசல் இன்ஜின் அளவுக்குச் சத்தம் போடாமல் வரும். நடைமேம்பாலம் ஏறச் சோம்பல்பட்டு, காதில் பாட்டோடு தண்டவாளத்தைக் கடந்து உயிரிழந்தவர்களின் செய்திகள் சென்னை புறநகர் ரயில் பாதைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. அத்துமீறித் தண்டவாளத்தைக் கடப்பது ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது ரூ.1,000 வரை அபராதம் விதிக்கக்கூடிய குற்றமும்கூட.

'டிரான்ஸ்பரன்சி' அல்லது 'ஆம்பியன்ட்' மோட் என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். அது வெளிமைக் பிடிக்கும் சத்தத்தை உள்ளே ஒலிக்கவிடும். கடையில் பில் போடும்போது பேச, ஸ்டேஷன் அறிவிப்பைக் கேட்க வசதியானது. ஆனால், எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு தூரத்திலிருந்து சத்தம் வருகிறது என்று திறந்த காது சொல்லும் அளவுக்கு அது சொல்லாது. காற்று வேகமாக அடித்தால் மைக்கில் 'புஸ்' சத்தம் வேறு சேரும். வண்டி ஓட்டும்போதும் சாலையைக் கடக்கும்போதும் கழற்றி கழுத்தில் போட்டுக்கொள்வது ஒன்றே வழி.

வீட்டுக்குள்ளும் இதன் சிறிய வடிவம் ஒன்று உண்டு. ஒருவர் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்துவிட்டால் காலிங் பெல், பால் பொங்கும் சத்தம், கூரியர்காரர் குரல், உள்ளறையில் தாத்தா கூப்பிடுவது எல்லாவற்றுக்கும் வீட்டில் இன்னொருவர் காதாக இருந்தாக வேண்டும். பல வீடுகளில் அது அம்மாதான். மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு, கடைசியில் அறை வாசலில் வந்து நிற்பவரும் அவர்தான். மீட்டிங் எத்தனை மணிக்கு முடியும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு மாட்டினால் பாதிச் சண்டை குறையும்.

வாங்கும் முன் ஒரு நிமிடம்

- எங்கே பயன்படுத்தப் போகிறீர்கள்? விமானம், ரயில், ஏசி பஸ், ஃபேன் ஓடும் அறை என்றால் ஏஎன்சிக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. பேச்சுச் சத்தம் மட்டுமே பிரச்சினை என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.
- பெட்டியில் இருப்பது ஏஎன்சியா, இஎன்சியா?
- கண்ணாடி, கம்மலோடு கடையில் பத்து நிமிடம் மாட்டிப் பார்த்தீர்களா? ஆன்லைனில் வாங்கினால் ரிட்டர்ன் எத்தனை நாள்?
- ஆபீஸ் லேப்டாப், செல்போன் இரண்டோடும் ஒரே நேரத்தில் இணையும் 'மல்டிபாயின்ட்' வசதி இருக்கிறதா?
- ஐபோன் வைத்திருப்பவர் எல்டிஏசி வசதிக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஐபோனில் அது இயங்காது.
- விமானத்தில் சீட் ஸ்கிரீனில் படம் பார்ப்பவரா? 3.5 மி.மீ. ஒயர் போட வழி இருக்கிறதா என்று பாருங்கள்.
- மாற்று இயர்பேட் கிடைக்கிறதா? பக்கத்தில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா?

கடைசியாக ஒரு சோதனை. ஹெட்போன் வந்ததும் ஏஎன்சியை ஆன் செய்து, தினமும் போகும் பஸ்ஸிலோ ரயிலிலோ பாட்டு தெளிவாகக் கேட்கும் குறைந்தபட்ச வால்யூம் எது என்று கண்டுபிடியுங்கள். போன் செட்டிங்கில் அதையே உச்ச வரம்பாக வைக்கலாம். ஐபோனின் ஹெல்த் ஆப்பில் வாரம் முழுக்க எவ்வளவு சத்தத்தில் கேட்டீர்கள் என்ற பதிவும் இருக்கும். பழைய இயர்போனில் வைத்த வால்யூமைவிட இப்போது குறைவாக இருந்தால், கொடுத்த காசில் பெரும்பகுதி திரும்பிவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.